இரண்டு பிக்குல் இன்ஸ்பெக்டர்

போன மாதம் பிரிக்பீல்ட்ஸ் ரயில் குவார்ட்டர்ஸில் என்னைக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தீர்கள். அப்போது சுவரில் மாட்டியிருந்த பழைய படத்தைக் காட்டி, "நடுவுல உக்காந்திருக்கிறவரு உங்க அண்ணனா அய்யா?" என்று உங்களில் ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. அது என் அண்ணன் இல்லை. நாற்காலியின் இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் நான்தான்.

அந்த ஆள் எப்படி இந்த ஆள் ஆனான் என்று கேட்டால் பலர் மருந்தின் பெயரை எதிர்பார்க்கிறார்கள். மருந்து ஒன்றும் இல்லை. நடந்ததை இந்தக் கடிதத்தில் சொல்கிறேன். தண்டவாளத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு அது உபயோகப்படும். எனக்கு அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் மோட்டார் டிராலியில் போகிறவர்கள். எங்கள் காலத்தில் ஆள் தள்ளும் டிராலிதான். நான்கு சக்கரம், மேலே ஒரு பெஞ்சு, வெயிலுக்கு ஒரு குடை. தண்டவாளத்தைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் பெஞ்சில் உட்காருவார். இரண்டு பேர் வெறுங்காலோடு தண்டவாளத்தின் மேலேயே ஓடித் தள்ளுவார்கள். மற்ற இருவர் களைப்பாறிக்கொண்டு பின்னால் தொற்றிக்கொண்டு வருவார்கள். ரயில் வந்தால் இன்ஸ்பெக்டர் இறங்க வேண்டும். நான்கு பேரும் டிராலியைத் தூக்கி ஓரத்தில் வைக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் இன்ஸ்பெக்டர் இறங்கினால்தானே தூக்க முடியும்?

என் பகுதி பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரை. அப்போது என் எடை இரண்டு பிக்குல். கூட்ஸ் ஷெட்டில் மூட்டை நிறுக்கிற தராசில் ஒரு நாள் வேடிக்கையாக ஏறி நின்றேன். ஒரு பிக்குலுக்கு நூறு கட்டி, கிட்டத்தட்ட அறுபது கிலோ. தராசில் இருநூறு கட்டிக்கும் கொஞ்சம் மேலேயே காட்டியது. கூட்ஸ் கிளார்க், "அய்யாவ ரெண்டு அரிசி மூட்டைன்னு ரசீது போட்டுடலாம் லா!" என்றார். நானும் தொப்பை குலுங்கச் சிரித்தேன்.

அப்படி ஆனதற்கும் என் வேலைதான் வழி செய்து கொடுத்தது. காலையில் வீட்டில் ஆறு தோசை. முதல் ஸ்டேஷனில் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டிலிருந்து பால் தேநீரும் வடையும் வரும். அடுத்த இடத்தில் மண்டோர், அதாவது பாதை வேலை பார்க்கும் கேங் கூலிகளின் மேற்பார்வையாளர், பலகாரத் தட்டோடு நிற்பார். கிள்ளானில் ஆட்டுக்கறியோடு இலைச் சாப்பாடு. சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வரும்போது குடைக்கடியில் தூக்கம். வேண்டாம் என்று சொன்னால் கொடுப்பவர் முகம் வாடிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். சாலையில் ரிக்‌ஷாக்காரர்கள் என்னைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அதைக்கூட மரியாதை என்று நினைத்த மடையன் நான்.

ஒரு விஷயத்தில் எனக்கு அளவில்லாத கர்வம் இருந்தது. ஒன்பது வருடமாக என் டிராலி ரயிலுக்கு முன்னால் ஒரு தடவைகூட மாட்டியதில்லை. மற்ற இன்ஸ்பெக்டர்கள் அவசரத்தில் குதித்த கதைகளைச் சொல்லும்போது, "டைம்டேபிளை மனப்பாடம் பண்ணுங்கப்பா" என்று புத்தி சொல்வேன். வளைவு நெருங்கும்போது டிராலி ஆட்களில் மூத்தவரான முத்துக்கருப்பன், "அய்யா, வண்டி வர்ற நேரமுங்க" என்பார். நான் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "நானே சொல்ல வந்தேன்" என்பேன். பிறகு இரண்டு பேர் கையைப் பிடிக்க, ஒருவர் பின்னால் தாங்க, ஆடி அசைந்து இறங்குவேன். டிராலியை ஓரத்தில் வைத்துச் சற்று நேரம் கழித்துத்தான் ரயில் வரும்.

கிள்ளானுக்கு நாலைந்து மைல் இருக்கும்போது மண்மேட்டை வெட்டிப் பாதை போட்ட ஒரு வளைவு உண்டு. இரண்டு பக்கமும் சுவர் மாதிரி மண் நிற்கும். முன்னால் என்ன வருகிறது என்று தெரியாது. ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். அங்கே போய்க்கொண்டிருந்தோம். டைம்டேபிளில் அந்த நேரத்துக்கு வண்டி கிடையாது. கல் இறக்கிவிட்டு வெறுமனே திரும்பிய ஓர் எஞ்சின் வளைவைத் தாண்டித் திடீரென்று எதிரே நின்றது. நின்றது என்று சொல்கிறேன், அது வந்துகொண்டிருந்தது. என் கண்ணுக்குத்தான் எல்லாம் நின்றுபோனது மாதிரி இருந்தது.

இங்கேதான் நீங்கள் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். அந்த நேரத்தில் நான் கொடுத்த உத்தரவு என்ன தெரியுமா? "டிராலியத் தூக்கு!" என்று கத்தினேன். சர்க்கார் டிராலி நொறுங்கினால் துரை என்ன சொல்வாரோ என்ற பயம் முதலில் வந்தது. அந்த டிராலியின் மேல் இரண்டு பிக்குல் எடையோடு நான் உட்கார்ந்திருக்கிறேன் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஒன்பது வருடம் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து பழகிய அந்த நான்கு பேரும் ஓடித் தப்பிக்காமல் குனிந்து ஆளுக்கொரு மூலையைப் பிடித்தார்கள். தூக்கினார்கள். அசையவில்லை. நான் எழுந்திருக்கப் பார்த்தேன். தொடை பெஞ்சின் கைப்பிடிகளுக்கு நடுவில் இறுகிக்கொண்டது.

நால்வரில் சடையன் என்று ஒருவன். இருபத்தைந்து வயது இருக்கும். அவன்தான் உத்தரவை மீறினான். டிராலியை விட்டுவிட்டு மேலே தாவி, என்னை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்துத் தள்ளினான். இருவரும் உருண்டு கீழே விழுந்தோம். மற்ற மூவரும் விலகிவிட்டார்கள். எஞ்சின் டிராலியை அடித்தது. கழன்று பறந்த அச்சு சடையனின் வலது காலில் முழங்காலுக்குக் கீழே வந்து விழுந்தது.

அவன் ஏன் காலை இழுத்துக்கொள்ளவில்லை? இழுக்க முடியவில்லை. நான் அவன் மேல் கிடந்தேன்.

அதை எழுதுவதற்கு எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

கிள்ளான் ஆஸ்பத்திரியில் அவன் காலை எடுத்துவிட்டார்கள். நான் ஒரு சிராய்ப்போடு வெளியே வராந்தாவில் நின்றேன். முத்துக்கருப்பன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முனகிக்கொண்டிருந்தார். "வேலு மட்டும் இருந்திருந்தா இது நடந்திருக்காதே."

"எந்த வேலு?" என்று கேட்டேன்.

அவர் எழுந்து போகப் பார்த்தார். நான் அதட்டினேன். பிறகு மெதுவாகச் சொன்னார். "அய்யாவால வெரசா எறங்க முடியாதுங்களே. அதனால கேங்குல ஒருத்தன நாங்களே முன்னால அனுப்பி வைப்போமுங்க. அய்யா பாலத்துலயும் தண்டவாள ஜாயிண்ட்டுலயும் நிறுத்திப் பாக்குறப்ப அவன் குறுக்குப் பாதையில ஓடி வளைவுக்கு அந்தப் பக்கம் போயிருவான். வண்டிச் சத்தம் கேட்டா கூவுவான். நான் அய்யாகிட்ட நேரமாச்சுன்னு சொல்லுவேன். அவன் வேலைய கேங்குல மத்தவங்க பங்கு போட்டுக்குவாங்க. ஒம்போது வருசமா இப்படித்தான் ஓட்டிக்கிட்டிருந்தோம்."

என் டைம்டேபிள் ஞானம், என் ஒன்பது வருடப் பெருமை எல்லாம் வெறுங்காலோடு முன்னால் ஓடிய ஒருவனின் தொண்டைக்குள் இருந்திருக்கிறது. அதைவிடப் பெரிய அடி அடுத்ததுதான். "சரி, இன்னைக்கு அவன் எங்க போனான்?" என்றேன்.

முத்துக்கருப்பன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "அய்யாதானே முந்தாநாளு அவன வெரட்டி விட்டீங்க?"

ஞாபகம் வந்தது. முந்தாநாள் அதே வளைவின் மண்கரைமேல் ஒருவன் தலையில் சிவப்புத் துணியோடு உட்கார்ந்திருந்தான். கேங்கை விட்டுவிட்டுச் சோம்பேறித்தனமாகக் காற்று வாங்குகிறான் என்று நினைத்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். இனி இவன் கேங்கை விட்டு ஓர் அடி நகரக்கூடாது என்று மண்டோருக்கும் உத்தரவு போட்டேன். டிராலி ஆட்கள் நால்வரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அப்பவே ஏன் சொல்லல?" என்று கத்தினேன். ஆஸ்பத்திரி என்றும் பார்க்கவில்லை.

"எப்படிங்க சொல்றது? அய்யா தடியா இருக்கீங்கன்னு அய்யாகிட்டயே சொல்ல முடியுமா?" என்றார் முத்துக்கருப்பன்.

அன்று முடிவு செய்தேன். இனி என்னை எவனும் தூக்கக் கூடாது. மற்ற எல்லா முடிவுகளையும் போல இதையும் முதலில் முட்டாள்தனமாகத்தான் ஆரம்பித்தேன். ஆறு நாள் வெறும் கஞ்சித் தண்ணீர். ஏழாம் நாள் ஒரு பாலத்தின் மேல் கண் இருட்டி விழப்போனேன். முத்துக்கருப்பன் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். தூக்கக் கூடாது என்று கிளம்பியவனை மறுபடியும் தூக்க வைத்துவிட்டேன். அவமானத்தில் அன்று சாயங்காலம் பன்னிரண்டு இடியாப்பம் சாப்பிட்டேன்.

அப்புறம்தான் எனக்குத் தெரிந்த வேலையை நினைத்துப் பார்த்தேன். தாழ்ந்துபோன பாதையை ஒரே நாளில் தூக்கி நிறுத்த மாட்டோம். கொஞ்சம் தூக்கி, கல் போட்டு இடித்து, ரயில் ஓடவிட்டு, அது படிந்த பிறகு இன்னும் கொஞ்சம் தூக்குவோம். உடம்புக்கும் அப்படித்தான் என்று வைத்துக்கொண்டேன். ஒரு சமயத்தில் ஒரு மாற்றம். அது பழகின பிறகுதான் அடுத்தது.

முதல் மாற்றம் வேலையிலேயே. ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் டிராலியிலிருந்து இறங்கி, வளைவு முடியும்வரை நடப்பேன். என் பகுதியில் வளைவுக்குப் பஞ்சமில்லை. முதல் வாரம் மூன்றாவது வளைவிலேயே நாக்கு வெளியே வந்துவிட்டது. டிராலி ஆட்கள் நல்லவர்கள். எனக்காக நிற்கிறோம் என்று காட்டிக்கொள்ளாமல், இறுக்கமாக இருக்கிற போல்ட்டுகளையே குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு மாதத்தில் வளைவு முடிந்த பிறகும் அடுத்த பாலம்வரை நடந்தேன். பிறகு ஒரு மைல்.

சாப்பாட்டில் முதலில் வடை போனது. அடுத்து பால் தேநீர் போய் வெறும் கோப்பி வந்தது. பிறகு ஆறு தோசை ஐந்தானது, மாதம் கழித்து நான்கானது. கிள்ளான் சாப்பாட்டை நிறுத்தவில்லை. இரண்டாம் தடவை சோறு வாங்குவதை நிறுத்தினேன். மத்தியானத் தூக்கத்தை விட்டேன். சாயங்காலம் ரிக்‌ஷா இல்லாமல் பாசாருக்கு நடந்தே போய்க் காய்கறி வாங்கி வந்தேன். சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. வடையின் வாசனை வந்தால் கை தானாக நீளும். அந்த நேரத்தில் கிள்ளான் வளைவை நினைத்துக்கொள்வேன். கை மடங்கிவிடும்.

மாதம் ஒரு முறை கூட்ஸ் ஷெட் தராசில் நின்றேன். சில மாதம் நான்கைந்து கட்டி குறையும். சில மாதம் ஒன்றுமே குறையாது. ஒரு மாதம் இரண்டு கட்டி கூடிவிட்டது. தராசை எட்டி உதைத்துவிட்டு வந்தேன். ஆனாலும் காலையில் இறங்கி நடந்தேன். இரண்டரை வருடத்தில் ஒரு பிக்குலும் இருபது கட்டியும் என்று நின்றது. பெஞ்சிலிருந்து தரைக்கு யார் கையையும் பிடிக்காமல், "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணி முடிப்பதற்குள் குதித்துவிடுவேன்.

ஊருக்குத்தான் அதிர்ச்சி. அந்தக் காலத்தில் தடித்தவன் இளைத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: சயரோகம். என் மனைவி முதலில் செய்வினை என்றாள், பிறகு அழுதாள். வயிற்றுக்கு வஞ்சனை பண்ணாதீங்க என்று சண்டை போட்டாள். ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் எனக்கென்று தனியாக ஒரு பித்தளை டம்ளர் வைத்திருந்தார். என்ன மரியாதை என்று பூரித்துப்போனேன். நோய் ஒட்டிக்கொள்ளும் என்று ஒதுக்கி வைத்த டம்ளர் அது என்று பிறகுதான் தெரிந்தது. துரையே பயந்துபோய் என்னை டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் மார்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, குதிரை மாதிரி இருக்கிறாய், போ என்றார்.

யாருக்கும் நான் காரணம் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமானால் சடையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு எனக்குத் தைரியம் இல்லை. அவனுக்கு ஒரு லெவல் கிராஸிங்கில் கேட் வேலை வாங்கிக் கொடுத்திருந்தேன். கட்டையை ஊன்றிக்கொண்டு கேட்டைத் திறந்து மூடுவான். வாரம் இரண்டு தடவை அதைத் தாண்டிப் போவேன். நான் அவன் முகத்தைப் பார்க்க மாட்டேன். அவனும் என் முகத்தைப் பார்க்க மாட்டான், குனிந்துகொள்வான். கால் போன ஆத்திரம், என்மேல் வெறுப்பு என்று நினைத்தேன். நியாயம்தான் என்றும் நினைத்தேன்.

அப்புறம் ஒரு நாள். அதே மண்மேட்டு வளைவு. வழக்கம்போல இறங்கி நடந்தேன். உடம்பு லேசாக இருந்ததால், வழக்கமாகப் போகும் பாதையை விட்டுவிட்டு, கரைமேல் ஏறும் குறுக்குப் பாதையில் ஒரே மூச்சில் போய் அந்தப் பக்கம் இறங்கினேன். அங்கே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் கையில் சிவப்புத் துணி. வேலு. என்னைக் கண்டதும் துள்ளி எழுந்து, "இப்பவே கேங்குக்குப் போயிடுறேங்க அய்யா" என்று கும்பிட்டான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த உடம்போடு நானே குதித்துவிடுவேனே. இன்னும் எதற்கு ஆள்? அதுவும் இரண்டு ஆள்? அதற்குள் டிராலியோடு முத்துக்கருப்பன் வந்து சேர்ந்தார். அவரைப் பிடித்து உலுக்காத குறையாகக் கேட்டேன்.

"அய்யா தப்பா நெனைக்கக்கூடாது," என்றார். "முன்ன ஒருத்தன்தான் வண்டி பாக்க ஓடுவான். இப்ப அய்யாவுக்கு ஒடம்பு முடியலீங்களே. வழியில அய்யா விழுந்துட்டா ஸ்டேஷனுக்கு ஓடிச் சொல்லணுமில்ல? அதுக்கு இன்னொருத்தன்."

நான் இளைக்க இளைக்க அவர்கள் சுமை இறங்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். எனக்காக வெயிலில் ஓடுகிறவன் ஒருவன் என்பது இரண்டு பேராகியிருக்கிறது. நான் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டரை வருடமாக மறைத்து வைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

"எனக்கு ஒரு நோயும் இல்லப்பா. சடையன் மேல நான் விழுந்து கெடந்தேன். அதனாலதான் அவன் கால் போச்சு. இன்னொருத்தனுக்கு அப்படி ஆகக்கூடாதுன்னுதான் எளைச்சேன். வேணும்னே எளைச்சேன்."

முத்துக்கருப்பன் தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. என்மேல் இரக்கம் என்று நினைத்தேன். இல்லை, கோபம்.

"இத அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா அய்யா? அன்னிக்கி அய்யாவக் கீழ தள்ளுனதுல உள்ளுக்குள்ள எங்கயோ அடிபட்டுப்போச்சு, அதுலதான் அய்யா உருகிக்கிட்டே போறாருன்னு சடையன் நெனச்சுக்கிட்டிருக்கான். என் கையாலதான் அய்யா சாகப்போறாருன்னு கேட் குடிசையில ஒக்காந்து ரெண்டு வருசமா அழுதுக்கிட்டுக் கெடக்கான் அய்யா."

சடையனின் கேட் அங்கிருந்து இரண்டு மைல். முத்துக்கருப்பன் டிராலியைத் திருப்புவதற்கு ஆட்களைக் கூப்பிட்டார். நான் அதற்குக் காத்திருக்கவில்லை. ஓடினேன்.